சனி அண்ணையின் மூன்று மணி விரதம்

லண்டன் மாநகரத்தில் சனி பகவானின் பெயரால், எழுத்து மூலம், வாராவாரம் லீவு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் சனி அண்ணைதான். கோயில் ஐயர்மாருக்கே கிடைக்காத சலுகையை, ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாடு அடைக்கும் ஒரு கூடத்தில், தலையில் வலைத்தொப்பியும் கையில் நீலக் கையுறையுமாக நின்று அவர் பெற்றுக்கொண்டார். இதில் விசேஷம் என்னவென்றால், அவருக்கும் சனி பகவானுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் நான். அதனால்தான் இதை எழுதுகிற பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது.

அவருடைய சொந்தப் பெயர் மிக நீளம். அடையாள அட்டையில் பாதிதான் அச்சாகியிருந்தது; மீதியை எங்களில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. பெல்ட் ஓடும், தட்டுகள் வரும், ஒருவர் கத்தி கரண்டி வைப்பார், ஒருவர் தயிர்க் கிண்ணம் வைப்பார், அண்ணை பணிஸ், அதுதான் பன், வைப்பார். இருபது வருடமாகப் பணிஸ் மட்டும்தான். ஹீத்ரோவிலிருந்து அவர் கைபடாத பணிஸோடு மேலே போன விமானங்கள் குறைவு. லீவு என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு வருவார். சூப்பர்வைசர் துரத்தினால் வாசலில் நின்று பெல்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவார். சனிக்கிழமை ஷிப்டை ஒருவரும் விரும்புவதில்லை என்பதால் அதுவும் நிரந்தரமாக அவருடையதாகவே இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஓர் ஓகஸ்ட் மாதம் லீவுப் படிவத்தோடு என்னிடம் வந்தார். அந்த வருடம் மார்ச்சில்தான் அவருடைய மனைவி கமலாக்கா காலமாகியிருந்தார். பிள்ளைகள் இல்லை. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அண்ணை பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"தம்பி, உமக்கு இங்கிலீஷ் எழுத வரும். எனக்கு இனிச் சனிக்கிழமை வேலை செய்ய ஏலாது எண்டு எழுதித் தாரும்."

"ஏன் அண்ணை?"

"சனிக்கிழமை மூண்டு மணிக்கு ஒரு கடமை இருக்கு."

"என்ன கடமை?"

"செய்யாமல் விட்ட கடமை," என்றார். படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் யோசித்தேன். மனைவி போய் ஆறு மாதம் ஆகவில்லை. ஆள் மெலிந்துபோயிருக்கிறார். சனிக்கிழமை. செய்யாமல் விட்ட கடமை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாத்திரியார் வேண்டுமா? ஏழரைச் சனி! பாவம், மனுசன் விரதம் பிடிக்கப் போகிறார், வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். படிவத்தில் சமயக் காரணம் என்ற பெட்டிக்குள், 'சனிக் கிரகத்துக்கு உரிய வாராந்த நோன்பு, பிற்பகல் மூன்று மணி தொடக்கம்' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். அண்ணை வாசித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சூப்பர்வைசர் மார்த்தா போலந்துக்காரி, நல்ல மனுசி. படிவத்தை மூன்று முறை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தச் சனி, வளையம் உள்ளதுதானே?"

"அதேதான்."

"அது கோபக்காரனா?"

"மிகவும்."

ஒரு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. அதோடு நிற்கவில்லை. அறிவித்தல் பலகையில் தீபாவளி, ஈத், கிறிஸ்மஸ் என்று வரிசையாக இருந்த படங்களுக்குக் கீழே, வளையத்தோடு கூடிய சனிக் கிரகத்தின் வர்ணப்படம் ஒன்றையும் மார்த்தா ஒட்டிவிட்டாள். அன்றைக்கே அவருக்குச் சனி அண்ணை என்ற பெயர் விழுந்துவிட்டது.

தயிர்க் கிண்ணம் வைக்கும் தஞ்சாவூர்ச் செல்வம் அந்தப் படத்தைக் கண்டதும் மதிய இடைவேளையில் என்னைத் தேடி ஓடிவந்தான்.

"அண்ணே, எனக்கும் ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுங்கண்ணே. எனக்கு அஷ்டமச் சனி."

"உனக்குமா?"

"ஆமாண்ணே. நேத்துதான் ஜோசியர் போன்ல சொன்னாரு. சனிக்கிழமை வேலைக்கே போகக் கூடாதாம்."

மார்த்தா அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு பெல்ட்டுக்கு ஒரு சனி போதும் என்பது அவளுடைய தீர்ப்பு.

ஒரு மாதம் போனது. அண்ணையின் கன்னம் இன்னும் ஒட்டிப்போனது. விரதம் என்ற பெயரில் மனுசன் பட்டினி கிடக்கிறாரோ என்று எனக்குக் கவலை பிடித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை என் வீட்டில் எள்ளுச்சாதம் செய்வித்து, ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஞாபகப்படுத்தவும் நினைத்திருந்தேன். ஹவுன்ஸ்லோவில் காகத்தை விடப் பச்சைக்கிளிதான் அதிகம், ஆனாலும் சனி பகவான் சமாளித்துக்கொள்வார்.

கதவைத் திறந்தவரின் கழுத்தில் நீலமும் செம்மஞ்சளுமாக ஒரு கம்பளி மஃப்ளர். நுனியில் மீன்கொத்திப் படம்.

"நல்ல நேரத்துக்கு வந்தீர். கிக்-ஓஃப் தொடங்கப் போகுது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும்."

உள்ளே மேசையில் ஒரு சுளகு. அரிசி புடைக்கிற அதே சுளகு. பக்கத்தில் வழுவழுவென்று தேய்த்த ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதற்குள் ஒரு பகடைக்கட்டை. ஒரு பழைய அட்டைப்பெட்டி. ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. பூசைச் சாமான் என்று ஒரு திரி கூட இல்லை. நான் எள்ளெண்ணெய்ப் போத்தலை நீட்டினேன். "இது நல்லது," என்று வாங்கி, அந்த இடத்திலேயே முழங்காலில் தடவிக்கொண்டார்.

"அண்ணை, விரதம்?"

"என்ன விரதம்?"

நான் படிவத்தில் எழுதியதைச் சொன்னேன். மனுசன் சிரித்தார், மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக. கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்துவிட்டு, "நானும் யோசிச்சனான், ஏன் மார்த்தா என்னைக் கண்டால் கும்பிடுறாள் எண்டு," என்றார். பிறகு கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

அவர் சொன்ன கதை இதுதான்.

அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கிளப் இருந்தது. லீக்கின் ஆகக் கடைசிப் பிரிவு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ஆதரவாளர்கள் அத்தனை பேரும் ஒரே வேனில் ஏறி பத்திரிகை ஆசிரியரைப் பார்க்க வந்துவிடுவார்கள். சின்னத்தை வைத்து மீன்கொத்தி என்றே சொல்லுவோம். அந்த மைதானத்துத் தேநீர்க் கடையில் கமலாக்கா சனிக்கிழமைகளில் வேலை செய்தார். வெள்ளைக்காரத் தேத்தண்ணிக்குள் ஒருவருக்கும் சொல்லாமல் இஞ்சி தட்டிப் போட்டார். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஆட்டத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அக்காவோ அவர்களுடைய தலைகளுக்கு மேலால் ஆட்டத்தைப் பார்த்தார். பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டார்.

இங்கிலீஷ்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அவரே பெயர் வைத்தார். கோல் காப்பவன் 'ஓட்டைச் சட்டி'. இடது பக்கம் கொசு மாதிரிச் சுற்றி ஓடும் சின்னவன் 'நுளம்பு'. முன்னால் நின்று எதற்கெடுத்தாலும் விழுகிறவன் 'பாவம்'. அந்தக் கொப்பியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது. 'எங்களுக்கு 2, அவைக்கு 2. பாவம் ஒரு கோல் அடிச்சிட்டு விழுந்தவன். நுளம்புக்குச் சீனி மூன்று.' தோற்ற நாட்களில் மட்டும், ஆட்ட நடுவரைத் திட்டும் கடைசி வரி மாறுவதே இல்லை: 'ரெப்ரி மற்றப் பக்கத்து ஆள்.'

"ஒவ்வொரு சனியும் கேப்பாள், இஞ்சருங்கோ, ஒருக்கால் வந்து பாருங்கோவன் எண்டு," என்றார் அண்ணை. "நான் அடுத்த சனி, அடுத்த சனி எண்டு சொல்லிச் சொல்லியே பணிஸ் வைச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

அட்டைப்பெட்டியை அக்கா வாங்கியது கடைசிச் சீசனின் நடுவில், உடம்புக்கு முடியாமல் போன பிறகு, ஒரு பழைய சாமான் கடையில். பகடை உருட்டி ஆடும் உதைபந்தாட்டம். ஒரு அணிக்குப் பத்து முறை உருட்டலாம். ஆறு விழுந்தால் கோல். அவ்வளவுதான் சட்டம். மைதானத்துக்கு வராவிட்டால் போகட்டும், வீட்டிலாவது இரண்டு பேரும் ஆடலாம் என்று நினைத்திருக்கிறார். அதற்கும் அண்ணை சொன்ன பதில் அடுத்த சனிதான்.

பெட்டிக்குள் இருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'நான்' என்றும் மறுபக்கம் 'அவர்' என்றும் எழுதியிருந்தது. அவர் வேலையில் நின்ற நேரங்களில் கமலாக்கா தனியாக இருந்து இரண்டு பேருக்குமாக உருட்டியிருக்கிறார். கீழே வரைக்கும் பார்த்தேன். எல்லா ஆட்டத்திலும் வென்றது 'அவர்'தான்.

"கட்டை அப்பிடி விழாது தம்பி," என்றார் அண்ணை. "என்னை வெல்ல விட்டிருக்கிறாள்."

எள்ளுச்சாதப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடியும் மேலிருந்து வாசித்தேன். 

ஆக, கடமை இதுதான்: அவர் பார்க்காமல் விட்ட அந்தச் சீசனை, முதல் ஆட்டத்திலிருந்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு, அந்தக் கட்டையால் மறுபடியும் ஆடி முடிப்பது. மீன்கொத்திக்கு அவர் உருட்டுவார். எதிரணிக்கு ஆள் இல்லாமல் ஒரு மாதம் திண்டாடியிருக்கிறார். எள்ளெண்ணெயோடு போன நான் அன்றைக்கே எதிரணி ஆனேன். ஒன்றல்ல, இருபத்துமூன்று எதிரணி. இங்கிலாந்தின் பாதி ஊர்களுக்காக நான் ஆடியிருக்கிறேன். அதில் ஓர் ஊரையும் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

முதல் நாளே சட்டச் சிக்கல் வந்தது. நாங்கள் உருட்டியபோது மீன்கொத்தி இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றது. அண்ணை கொப்பியைத் திறந்தார். அக்கா எழுதி வைத்திருந்தது, 'எங்களுக்கு 4, அவைக்கு 3.'

"பிழை. திருப்பிப் போடுவம்," என்றார்.

"அண்ணை, கட்டை விழுந்ததுதானே ரிசல்ட்?"

"அவள் கண்ணாலை பார்த்தது நாலுக்கு மூண்டு. அது வரும் வரைக்கும் போடுவம்."

போட்டோம். மூன்று மணிக்குத் தொடங்கியது, ஆறரை தாண்டியும் நாலுக்கு மூன்று வரவில்லை. எள்ளுச்சாதம் முடிந்தது. என் மனைவி இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். கடைசியில் வந்தபோது நாங்கள் எழுந்து நின்று கட்டிப்பிடித்துக் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

அந்தச் சீசனில் மீன்கொத்தி ஒரு ஆட்டத்தில் பூச்சியத்துக்கு ஆறு என்று தோற்றிருந்தது. பத்து உருட்டலில் எனக்கு ஆறு முறை ஆறு விழ வேண்டும், அவருக்கு ஒன்றுமே விழக் கூடாது. மூன்று சனிக்கிழமை போனது. எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"அண்ணை, இந்த ஒண்டை மட்டும் விடுவமே?"

"அவள் மழைக்குள்ளை நிண்டு பார்த்தவள். உமக்குச் சோபாவிலை இருந்து பார்க்க ஏலாதோ?"

நான் சிரட்டையை மறுபடியும் எடுத்தேன். நான்காம் சனி வந்தது, பூச்சியத்துக்கு ஆறும் வந்தது. இவ்வளவு ஆசையாக ஒரு தோல்விக்குக் காத்திருந்த இரண்டு பேர் உலகத்தில் வேறு இருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமையில் மீன்கொத்தியின் ஆட்டம் மட்டும்தான். லீக்கின் மற்ற ஆட்டங்களையெல்லாம் அவர் கிழமை நாட்களில் தனியாகவே போட்டு முடித்தார். வேலையிடத்தில், மதிய இடைவேளையில், விமானச் சாப்பாட்டு அலுமினியப் பெட்டி ஒன்றுக்குள் கட்டையைக் குலுக்கிக் குலுக்கிப் போட்டுக் குறித்துக்கொண்டே இருப்பார். மார்த்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதுவும் சனியா என்று கேட்டாள். ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொன்று பெரிய பாரமா? கிரக பலன் பார்க்கிறார் என்றேன். மறுநாள் மார்த்தா தன்னுடைய தங்கைக்குக் கல்யாணம் கைகூடுமா என்று கேட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணை ஒன்றும் விளங்காமல் கட்டையைப் போட்டார். ஐந்து. "கோல் இல்லை. ஆனால் கிட்ட வந்திட்டுது," என்றார். நான் அதை, கொஞ்சம் பொறுத்தால் நடக்கும் என்று மொழிபெயர்த்தேன். அந்தத் தங்கைக்கு அடுத்த கோடையில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அண்ணையின் இடைவேளையை ஒருவரும் குழப்பவில்லை.

கொப்பி பெப்ரவரி மாதத்தோடு நின்றது. கடைசிப் பக்கத்தில், 'எங்களுக்கு 1, அவைக்கு 1. தலைச்சுற்று. நுளம்பு கேட்டவன், ஆர் யூ ஓகே எண்டு' என்று இருந்தது. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள்.

அந்தப் பக்கத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது அண்ணை கொப்பியை மூடி அதன் மேல் கையை வைத்தார்.

"இனி ஒருக்கால்தான் போடுறது. விழுந்தது விழுந்ததுதான்," என்றார்.

"ஏன் அண்ணை, மிச்ச ஆட்டங்களின்ரை உண்மை ரிசல்ட் போனிலை பார்க்கலாமே?"

"வேண்டாம். அது அவள் போனாப்பிறகு நடந்தது. அது எங்கட சீசன் இல்லை. இதுதான் எங்கட." பிறகு குரல் இறங்கிப்போனது. "தம்பி, உமக்கு ஒண்டு சொல்லோணும். கடைசி நாள் ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவள், 'இஞ்சருங்கோ, நாங்கள் இறங்கீடுவமோ?' எண்டு. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'கட்டிலாலை இறங்கக் கூடாதெண்டு நேர்ஸ் சொன்னவ. பேசாமல் படும்' எண்டு சொன்னன். அவள் சிரிச்சவள். வலி குறைஞ்சிட்டுது போலை எண்டு நான் நினைச்சன்."

மீன்கொத்தி அப்போது பட்டியலில் கடைசிக்கு ஒரு படி மேல் இருந்தது. லீக்கிலிருந்தே இறக்கிவிடப்படும் அபாயம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அக்கா சின்னதாக எழுதி வைத்திருந்தார், 'இறங்குவமோ?' என்று. செத்த வீடெல்லாம் முடிந்து, கொப்பியைத் திறந்தபோதுதான் அவருக்கு அந்தச் சொல் விளங்கியிருக்கிறது.

"என்னட்டைக் கேட்ட கடைசிக் கேள்வி. நான் பதில் சொல்லேல்லை. கட்டிலைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்," என்றார்.

அன்று வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் இருந்தே போனில் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். அந்தச் சீசனில் மீன்கொத்தி இறங்கியிருந்தது. கடைசி நாளில், கடைசி ஆட்டத்தில் தோற்று இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாகச் செல்வத்திடம் விஷயத்தைச் சொல்லி, வாய் திறந்தால் கொன்றுவிடுவேன் என்றேன். அவன் தஞ்சாவூர்ப் பெரியகோயில் மேல் சத்தியம் செய்தான். செய்ததைக் காப்பாற்றவும் செய்தான். ஒருநாள் காண்டீனில் மார்த்தா பேச்சுவாக்கில், தன்னுடைய புருஷன் அந்தக் கிளப்பின் ஆதரவாளர் என்றும், பாவம், அவர்கள் போன வருடம் என்றும் தொடங்கினாள். அண்ணை தலையை நிமிர்த்தினார். செல்வம் கையிலிருந்த நாற்பது தயிர்க் கிண்ணத்தை அப்படியே தரையில் போட்டான். அந்தச் சத்தத்தில் வசனத்தின் மிச்சம் காணாமல் போனது. அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து, "பரவால்லண்ணே, எனக்கு நிஜமாவே அஷ்டமச் சனிதான் போல," என்றான்.

மார்ச், ஏப்ரல் ஆட்டங்கள் எனக்கு நரகமாக இருந்தன. எப்படியாவது தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு உருட்டுவேன். கட்டை பார்த்து ஆறாக விழும். பகடையில் வேண்டுமென்று தோற்பது எவ்வளவு கஷ்டம் என்பது முயன்றவனுக்குத்தான் தெரியும். ஒருமுறை கட்டை சுளகில் துள்ளி அண்ணையின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. இது செல்லாது அண்ணை, திருப்பிப் போடுறன் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சூட்டோடு சூடாக முழுக் கோப்பையையும் குடித்து முடித்து அடியைப் பார்த்தார்.

"ஆறு. உமக்குக் கோல். விழுந்தது விழுந்ததுதான்."

அப்படி நேர்மையான மனிதரோடு ஆடி, மே மாதம் கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். நிலைமை இதுதான்: சமநிலை என்றாலே போதும், மீன்கொத்தி தப்பிவிடும். தோற்றால் இறங்கிவிடும்.

அன்று நல்ல வெயில். அண்ணை அந்த வெயிலிலும் மஃப்ளரைக் கழற்றவில்லை. சுவரில் இருந்த கமலாக்காவின் படத்தைக் கழற்றி, சுளகு தெரியும்படி கதிரையில் வைத்திருந்தார். இஞ்சித் தேத்தண்ணி போட்டிருந்தார். அவர் பத்து முறை உருட்டி முடித்தபோது மீன்கொத்திக்கு ஒரு கோல். நான் ஒன்பது முறை உருட்டியபோது எனக்கும் ஒரு கோல். இன்னும் ஒரு உருட்டல் இருந்தது.

சிரட்டையைக் குலுக்கினேன். குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

"என்ன, தேசிக்காய்த் தண்ணியோ கரைக்கிறீர்? போடும்."

போட்டேன். கட்டை சுளகின் விளிம்பில் பட்டுத் துள்ளி, தரையில் விழுந்து, சோபாவுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. அண்ணைக்கு முழங்கால் மடியாது. எழும்பவும் முடியாமல் குனியவும் முடியாமல் கதிரையின் நுனியில் இருந்தார்.

"தொடாதையும். குனிஞ்சு பார்த்துச் சொல்லும்."

கார்ப்பெட்டில் குப்புறப் படுத்து போன் வெளிச்சத்தை அடித்தேன். தூசு. கமலாக்காவின் கொண்டை ஊசி ஒன்று. அதற்குப் பக்கத்தில் கட்டை.

ஆறு.

மூன்றும் மூன்றுமாக ஆறு கறுப்புப் புள்ளி. எத்தனை தரம் பார்த்தாலும் ஆறு. கார்ப்பெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் கிடந்தேன். வெளியில் உண்மையில் இறங்கிப்போன கிளப், இங்கே உள்ளேயும் இறங்க வேண்டுமா? அந்த மனுசி கேட்ட கேள்விக்கு இந்த மனுசன் மறுபடியும் என்ன பதில் சொல்லுவார்?

"என்ன தம்பி?"

"ரெண்டு," என்றேன்.

"வடிவாய்ப் பார்த்தீரோ?"

"ரெண்டு அண்ணை. ரெண்டுதான்."

கையை விட்டுக் கட்டையைப் பொத்தி எடுத்துக்கொண்டு எழும்பினேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு, "சரி," என்றார். படத்தின் பக்கம் திரும்பி, "கமலா, கேட்டனீரெல்லே? இறங்கேல்லை," என்றார். அவ்வளவுதான். கொப்பியைத் திறந்து ஏதோ எழுதினார். என்னைப் பார்க்க விடவில்லை. நான் முகம் கழுவுவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை அவர் மார்த்தாவிடம் போய், தனக்குப் பழையபடி சனிக்கிழமை ஷிப்ட் வேண்டும் என்றார். சனி போய்விட்டதா என்று அவள் கேட்டாள். போய்விட்டது என்றார் அண்ணை. பலகையிலிருந்து வளையத்துப் படத்தைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

இந்தக் குளிர்காலத்தில், ஒரு காலை வேலைக்குப் புறப்பட்டு, பஸ் தரிப்பில் உட்கார்ந்தபடியே அண்ணை போய்விட்டார். இருபது வருடத்துக்கு மேலான வேலையில் சொல்லாமல் எடுத்த ஒரே லீவு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போனபோது குரோய்டனிலிருந்து வந்திருந்த அவருடைய சகோதரியின் மகன், "மாமா இதை உங்களட்டைக் குடுக்கச் சொல்லி எழுதி வைச்சிருக்கிறார்," என்று ஓர் அட்டைப்பெட்டியைத் தந்தான். சுளகும் சிரட்டையும் கொப்பியும் உள்ளே இருந்தன.

வீட்டுக்கு வந்துதான் கொப்பியைத் திறந்தேன். மே மாதத்துக் கடைசிப் பக்கம். பணிஸ் வைத்து வைத்துத் தடித்த கையின் எழுத்து.

'எங்களுக்கு 1, அவைக்கு 1. நல்ல வெயில். பாவம் விழேல்லை. நாங்கள் இறங்கேல்லை கமலா. இண்டைக்கு மட்டும் ரெப்ரி எங்கட பக்கத்து ஆள்.'

அது ஆறுதான், அண்ணை.